ராஜாவின் காதில் முதலில் பேசியவன்

கேள்வி இதுதான்: "வேதாகமத்தில் வருகிற ராஜாக்கள் ஏன் எப்போதும் சந்தேகத்திலேயே வாழ்கிறார்கள்? சவுல் தாவீதைச் சந்தேகித்தான், சாலொமோன் அண்ணனைச் சந்தேகித்தான், ஏரோது பெத்லெகேமின் குழந்தைகளைக்கூட விட்டுவைக்கவில்லை. சவுலுக்குப் பொறாமை, பொல்லாத ஆவி பிடித்தது என்று பிரசங்கத்தில் சொல்லி முடித்துவிடுகிறார்கள். உண்மையில் அவன் சந்தேகப்பட்டதில் நியாயமே இல்லையா?"

நியாயம் இருந்தது. நிறையவே இருந்தது. வேதாகமத்தில் சந்தேகப்படும் ராஜாக்களில் பெரும்பாலோர் ஆபத்தைச் சரியாகத்தான் மோப்பம் பிடித்தார்கள். அவர்கள் சறுக்கிய இடம் வேறு. ஒரு சேதி காதில் விழுந்ததும், சொன்னவன் யார், அவனுக்கு இதில் என்ன ஆதாயம், எதைச் சொல்லாமல் விட்டான் என்று விசாரிக்காமல் கையை ஓங்கினார்கள். ஆகவே இந்தக் கதைகளைப் படிக்கும்போது "சந்தேகம் சரியா தப்பா" என்பதோடு நிறுத்தாதீர்கள். "இதை யார் வந்து சொன்னது?" என்று ஒவ்வொரு இடத்திலும் கேட்டுப் பாருங்கள். கதை வேறு மாதிரித் திறக்கும்.

முதலில் சவுலையே எடுத்துக்கொள்வோம். அவன் இஸ்ரவேலின் முதல் ராஜா. கோத்திரங்களில் சிறியதான பென்யமீனைச் சேர்ந்தவன். பட்டத்துக்கு வந்த அன்றே "இவனா நம்மைக் காப்பாற்றப் போகிறான்" என்று சிலர் ஏளனம் பேசி, காணிக்கை கொண்டுவராமல் நின்றார்கள். கில்காலில் அவன் பலி செலுத்திய விவகாரத்தில், "உன் ராஜ்யம் நிலைக்காது, கர்த்தர் தமக்கு ஏற்ற வேறொருவனைத் தேடிக்கொண்டார்" என்று தீர்க்கதரிசி சாமுவேல் சொல்லிவிட்டுப் போகிறார். அமலேக்கியர் போருக்குப் பிறகு இன்னும் கடுமை. சவுல் பிடித்து இழுத்ததில் சாமுவேலின் சால்வை கிழிகிறது. "இப்படித்தான் ராஜ்யம் உன்னைவிட்டுக் கிழிக்கப்பட்டு, உன்னிலும் நல்லவனான உன் அயலானுக்குக் கொடுக்கப்பட்டது" என்கிறார் தீர்க்கதரிசி.

அந்த அயலான் யார் என்று மட்டும் சொல்லவில்லை. உங்கள் இடத்துக்கு வரப்போகிறவன் ஏற்கெனவே ஊருக்குள் நடமாடுகிறான், பெயரைச் சொல்லமாட்டோம் என்று ஒரு மனிதனிடம் சொன்னால் அவன் எப்படி நடந்துகொள்வான்? இதற்குப் பொல்லாத ஆவியே தேவையில்லை.

அடுத்த அதிகாரத்தில் நடப்பதைக் கண்டிப்பான அரசாங்க மொழியில் எழுதினால் அதற்குப் பெயர் சதி. சாமுவேல் பெத்லெகேமுக்குப் போகத் தயங்குகிறார்: "சவுல் கேள்விப்பட்டால் என்னைக் கொன்றுபோடுவான்." ஒரு கன்றுக்குட்டியைக் கையோடு கொண்டுபோ, பலியிட வந்தேன் என்று சொல் என்று அவருக்கு வழி காட்டப்படுகிறது. ஊர் மூப்பர்கள் நடுங்கிக்கொண்டே எதிர்கொண்டு வந்து, சமாதானமாகத்தான் வருகிறீரா என்று கேட்கிறார்கள். வீட்டுக்குள் அண்ணன்மார் நடுவில் ஈசாயின் கடைக்குட்டி மகன் தாவீதுக்கு எண்ணெய் ஊற்றப்படுகிறது. விசுவாசியாகப் படித்தால் இது தேவனுடைய தெரிந்தெடுப்பு. சவுலின் அரண்மனையிலிருந்து பார்த்தால், ராஜா உயிரோடிருக்கும்போதே இன்னொரு ராஜாவுக்கு ரகசியமாக முடிசூட்டியிருக்கிறார்கள், அதையும் பலியின் பெயரைச் சொல்லி மறைத்திருக்கிறார்கள். கதை சொல்கிறவர் இரண்டையும் மறைக்காமல் நம் முன் வைக்கிறார். அந்த நேர்மை எனக்கு எப்போதும் வியப்புதான்.

பிறகுதான் பெண்கள் மேளத்தோடு ஆடிப்பாடி வருகிறார்கள்: "சவுல் கொன்றது ஆயிரம், தாவீது கொன்றது பதினாயிரம்." எபிரெயப் பாட்டில் ஒரு வரியில் ஆயிரம் என்றால் அடுத்த வரியில் பதினாயிரம் என்று ஏற்றிச் சொல்வது வழக்கம்தான், பாடியவர்கள் இருவரையும் சேர்த்தே புகழ்ந்திருக்கலாம். ஆனால் அந்தப் பாட்டு எல்லை தாண்டிப் போயிற்று. பெலிஸ்தரின் காத் ஊரில் ராஜா ஆகீசின் ஊழியக்காரர்கள் இதே பாட்டைச் சொல்லிக் காட்டி, தாவீதை "தேசத்து ராஜா" என்றே குறிப்பிடுகிறார்கள். எதிரி நாட்டு அரண்மனை வேலைக்காரனுக்குத் தெரிந்தது சவுலுக்குத் தெரியாமல் இருக்குமா? வீட்டுக்குள்ளும் இதே நிலைதான். மூத்த மகன் யோனத்தான் தன் சால்வையையும் பட்டயத்தையும் வில்லையும் கச்சையையும் கழற்றித் தாவீதுக்குக் கொடுக்கிறான். பட்டத்து இளவரசன் தன் ஆயுதத்தை இன்னொருவனுக்கு மாட்டிவிடுவதை எந்தத் தகப்பன் சாதாரண நட்பு என்று எடுத்துக்கொள்வான்? மகள் மீகாளோ கட்டிலில் ஒரு சிலையைக் கிடத்தி, தலைமாட்டில் வெள்ளாட்டு மயிரை வைத்து, புருஷன் தாவீதை ஜன்னல் வழியாக இறக்கிவிட்டு, அவன் வியாதியாயிருக்கிறான் என்கிறாள். "நீ ராஜாவாவாய், அது என் அப்பாவுக்கும் தெரியும்" என்று யோனத்தானே பின்னால் தாவீதிடம் ஒப்புக்கொள்கிறான்.

ஆக சவுல் ஊகித்தது சரி. இனி அந்தச் சரியான ஊகத்தை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்தான் என்று பாருங்கள். 1 சாமுவேல் 22-ஆம் அதிகாரம். கிபியாவில் ஒரு மரத்தடியில் சவுல் உட்கார்ந்திருக்கிறான், கையில் ஈட்டி. அந்த ஈட்டியை அவன் தாவீதின்மேல் எறிந்திருக்கிறான், சொந்த மகன்மேலும் எறிந்திருக்கிறான். இப்போது சும்மா உட்கார்ந்திருக்கும்போதுகூட அது கையைவிட்டு இறங்கவில்லை. சுற்றி நிற்கும் சொந்தக் கோத்திரத்து ஆட்களைப் பார்த்து, ஈசாயின் மகன் உங்களுக்கெல்லாம் வயலும் திராட்சைத் தோட்டமும் கொடுப்பானோ, உங்களையெல்லாம் ஆயிரம்பேருக்குத் தலைவர்களாக ஆக்குவானோ என்று கேட்கிறான். எல்லாரும் சேர்ந்து எனக்கு எதிராகச் சதி பண்ணியிருக்கிறீர்கள், என் மகன் அவனோடு உடன்படிக்கை செய்ததை எனக்கு யாரும் சொல்லவில்லை, எனக்காகப் பரிதபிக்க ஒருவனும் இல்லை என்று புலம்புகிறான்.

இந்தப் பேச்சைக் கொஞ்சம் உற்றுக் கவனிக்க வேண்டும். ஒரு ராஜா தன் ஆட்களிடம் இரண்டு விஷயங்களை வெளிப்படையாகப் போட்டு உடைக்கிறான். வயலும் பதவியும் கொடுப்பவன் நான். எனக்கு இப்போது வேண்டியது தகவல். இதைக் கேட்டு யாராவது ஒருவன் வாயைத் திறக்காமல் இருப்பானா? திறந்தவன் ஏதோமியனாகிய தோவேக்கு, சவுலின் மேய்ப்பர்களுக்குத் தலைவன். நோபு என்ற ஆசாரியர் ஊரில் தாவீதைப் பார்த்தேன், ஆசாரியன் அகிமெலேக்கு அவனுக்காகக் கர்த்தரிடம் விசாரித்தான், வழிச்சாப்பாடு கொடுத்தான், கோலியாத்தின் பட்டயத்தையும் கொடுத்தான் என்று போட்டுக்கொடுத்தான்.

தோவேக்கு சொன்னது பொய் என்று கதையில் எங்கும் இல்லை. அவன் விட்டுவிட்டது ஒன்று உண்டு. தாவீது ராஜாவின் அவசர ரகசிய வேலையாக வந்திருப்பதாகச் சொல்லித்தான் அகிமெலேக்கிடமிருந்து அப்பத்தையும் பட்டயத்தையும் வாங்கினான். ஏமாந்தவன் ஆசாரியன். அவனைக் கூப்பிட்டு விசாரித்தபோது, உம்முடைய மருமகன், உம்முடைய காவலுக்குத் தலைவன், அவனைவிட உண்மையுள்ளவன் யார், இதில் எனக்குச் சிறிதும் தெரியாது என்று நியாயமாகத்தான் பேசினான். சவுல் கேட்கவில்லை. தண்டனை விசாரணைக்கு முன்பே முடிவாகிவிட்டிருந்தது. காவலர்கள் ஆசாரியர்கள்மேல் கைவைக்க மறுத்தார்கள். தோவேக்கே பட்டயத்தை எடுத்தான். சணல்நூல் ஏபோத்து என்ற ஆசாரிய உடை அணிந்த 85 பேர் அன்று செத்தார்கள். அதோடு நோபு ஊரில் ஆண், பெண், குழந்தை, பால்குடிக்கும் பிள்ளை, மாடு, கழுதை, ஆடு எதுவும் மிஞ்சவில்லை. அமலேக்கியரின் ஆடுமாடுகளை மிச்சம் வைத்ததற்காகத்தான் இவன் ராஜ்யத்தை இழந்தான் என்பதை நினைத்துக்கொண்டு இந்த வசனத்தைப் படியுங்கள்.

இனிதான் கதையின் சூட்சுமம். படுகொலையிலிருந்து அகிமெலேக்கின் மகன் அபியத்தார் ஒருவன் தப்பித்துத் தாவீதிடம் ஓடுகிறான். போகும்போது ஏபோத்தையும் எடுத்துக்கொண்டு போகிறான். தேவனிடம் கேள்வி கேட்டு விடை பெறுவதற்கு அன்றைக்கு இருந்த வழிகளில் அது முக்கியமானது. உடனே அடுத்த அதிகாரத்தில் அதன் பயன் தெரிகிறது. கேகிலா ஊரில் தாவீது இருக்கும்போது, சவுல் வருவானா, ஊரார் என்னைப் பிடித்துக்கொடுப்பார்களா என்று ஏபோத்தை வைத்துக் கேட்கிறான். இரண்டுக்கும் ஆம் என்று விடை வர, தப்பிப் போகிறான். சவுலுக்கோ கடைசிக் காலத்தில் சொப்பனத்தாலும் பதில் இல்லை, ஊரீம் என்ற ஆசாரியர் சீட்டாலும் இல்லை, தீர்க்கதரிசிகளாலும் இல்லை. இருட்டில் வேஷம் மாறி, எந்தோரிலிருந்த குறிசொல்லும் பெண்ணிடம் போய் நிற்கிறான். தன் பக்கம் இருந்த ஆசாரியர் கூட்டத்தைச் சந்தேகப்பட்டுக் கொன்றதால், மிஞ்சிய ஒருவனைத் தானே எதிரியின் பாளையத்துக்கு அனுப்பிவைத்தான். சந்தேகம் பொய்யாயிருந்ததால் சவுல் அழியவில்லை. தாவீதைப் பற்றிச் சரியாகச் சந்தேகப்பட்டவன், அகிமெலேக்கைப் பற்றித் தவறாக முடிவெடுத்தான். நடுவில் நின்றவன் தோவேக்கு.

தாவீதும் இதில் சுத்தமான கை உடையவன் அல்ல. தோவேக்கை அன்றே அங்கே பார்த்தேன், அவன் சவுலிடம் சொல்வான் என்று எனக்குத் தெரியும், உன் தகப்பன் வீட்டார் சாவுக்கு நானே காரணம் என்று அபியத்தாரிடம் அவன் சொல்கிறான். ஞாயிறு பள்ளியில் இந்த வசனத்தை யாரும் மனப்பாடம் செய்யச் சொல்வதில்லை.

சரி, ஏன் இவ்வளவு சந்தேகம் என்ற பொதுக் கேள்விக்கு வருகிறேன். சிங்காசனத்துக்கு அடுத்தவன் யார் என்பதற்குத் தீர்ந்த முறை இல்லாததே பெரிய காரணம். மூத்தவன்தான் என்று கட்டாயமில்லை. ஒரு தீர்க்கதரிசி யார் தலையில் எண்ணெய் ஊற்றினாலும் அவனுக்கு உரிமை வந்துவிடுகிறது. படை யார் கையில் இருக்கிறதோ அவனும் ஆசைப்படலாம். சாலொமோனுக்குப் பின் பிரிந்துபோன வடக்கு ராஜ்யமாகிய இஸ்ரவேலின் பட்டியலைப் பாருங்கள். யெரொபெயாம் முதல் ஓசெயா வரை 19 ராஜாக்கள். அவர்களில் நாதாப், ஏலா, யோராம், சகரியா, சல்லூம், பெக்காகியா, பெக்கா என்று ஏழு பேர் கொலையுண்டார்கள். சிம்ரி ஏழே நாள் ஆண்டு, அரண்மனைக்குத் தானே தீ வைத்து அதிலேயே செத்தான். கொன்றவர்கள் வெளியே இருந்து வரவில்லை. சிம்ரி ரதங்களில் பாதிக்குத் தலைவன், யெகூ படைத்தலைவன், பெக்கா ராஜாவின் பக்கத்திலேயே நின்ற அதிகாரி. தெற்கே யூதாவில் தாவீதின் வம்சம் தொடர்ந்ததால் கொஞ்சம் நிதானம் இருந்தது. ஆனாலும் யோவாஸ், அமத்சியா, ஆமோன் மூவரும் கொலையுண்டே செத்தார்கள். பேரப்பிள்ளைகள் உட்பட ராஜவம்சத்தையே ஒழிக்கப் புறப்பட்ட அத்தாலியாளும் அங்கேதான் ஆறு வருஷம் ஆண்டாள்.

இது இஸ்ரவேலுக்கு மட்டும் வந்த வியாதியும் அல்ல. அசீரிய ராஜா சனகெரிப் கி.மு. 681-இல் சொந்த மகன்கள் கையால் செத்தான். 2 இராஜாக்கள் 19-இல் அந்தச் சேதி ஒரே வசனத்தில் வந்துவிட்டுப் போகிறது. அவனுக்குப் பின் வந்த எசரத்தோன், தன் மகன் அசூர்பனிபாலுக்குப் பட்டம் பாதுகாப்பாகப் போய்ச்சேர வேண்டுமென்று கி.மு. 672-இல் கீழ்ப்பட்ட நாட்டுத் தலைவர்களையெல்லாம் சத்தியம் செய்யவைத்தான். அந்த ஒப்பந்தத்தின் களிமண் பலகைகள் 1955-இல் ஈராக்கின் நிம்ருத்தில் கிடைத்தன. அதில் திரும்பத் திரும்ப வருகிற விதி இதுதான்: இளவரசனுக்கு எதிராக ஒரு பேச்சுக் காதில் விழுந்தால், அதைச் சொன்னது உன் சகோதரனாயிருந்தாலும், மகனாயிருந்தாலும், குறிசொல்பவனாயிருந்தாலும், மறைக்காமல் வந்து சொல்ல வேண்டும். கிபியாவின் மரத்தடியில் சவுல் புலம்பிக் கேட்டதை எசரத்தோன் சட்டமாகவே எழுதிவைத்தான். புதிதாக ஒருவனை அதிகாரத்தில் அமர்த்தும் முன், இவன் எனக்கு எதிராகக் கிளம்புவானா என்று ஆட்டின் ஈரலைப் பார்த்துச் சூரிய தேவனிடம் கேட்கவும் செய்தான். அந்தக் கேள்விகளும் களிமண்ணில் மிஞ்சியிருக்கின்றன.

இப்போது ஒரு வெளிநாட்டு ராஜா. அம்மோனில் நாகாஸ் இறந்து அவன் மகன் ஆனூன் பட்டத்துக்கு வருகிறான். தாவீது துக்கம் விசாரிக்க ஆட்களை அனுப்புகிறான். அம்மோனின் பிரபுக்கள் இளைய ராஜாவின் காதில் ஓதுகிறார்கள்: உம் தகப்பனை மதித்தா அனுப்பினான், ஊரை வேவு பார்க்க அல்லவா அனுப்பினான்? ஆனூன் அந்தத் தூதர்களின் தாடியைப் பாதி சிரைத்து, உடையை இடுப்புக்குக் கீழே வெட்டி, அப்படியே துரத்திவிடுகிறான். தாடி வளரும் வரை எரிகோவிலேயே இருங்கள் என்று தாவீது சொல்லியனுப்ப வேண்டியதாயிற்று.

பிரபுக்கள் முட்டாள்கள் என்று எழுதிவிடாதீர்கள். இரண்டு அதிகாரத்துக்கு முன்பு, தாவீது மோவாபியரைத் தரையில் படுக்கவைத்துக் கயிற்றால் அளந்து, இரண்டு கயிறு அளவுக்குக் கொன்று ஒரு கயிறு அளவுக்கு உயிரோடு விட்டதாக வேதாகமம் சொல்கிறது. ஒரு காலத்தில் தன் வயதான தாய் தகப்பனைப் பத்திரமாக விட்டுவைத்தது அதே மோவாப் ராஜாவிடம்தான். அப்படிப்பட்டவன் பக்கத்து நாட்டுக்கு ஆறுதல் சொல்ல ஆள் அனுப்பினால் யாருக்கும் அடிவயிறு கலங்கும். தூதர்களை மரியாதையாகத் தங்கவைத்து, ஊர் மதிலைச் சுற்றிப் பார்க்க விடாமல் திருப்பி அனுப்பியிருக்கலாம். மானத்தை வாங்கியதால் வராத சண்டையும் வந்தது. 1,000 தாலந்து வெள்ளி கொடுத்துக் கூலிக்கு ரதங்களைப் பிடித்ததாக நாளாகமம் சொல்கிறது. அந்தச் சண்டையின் தொடர்ச்சிதான் ரப்பா முற்றுகை. பத்சேபாளின் முதல் புருஷன் உரியா செத்தது அங்கேதான்.

எதிர்ப்பக்கமும் உண்டு, நம்பிக் கெட்டவன் கதை. சவுலுக்குப் பயந்து 600 பேரோடு தாவீது பெலிஸ்த ராஜா ஆகீசிடம் அடைக்கலம் போகிறான். ஆகீஸ் சிக்லாக் ஊரையே கொடுக்கிறான். ஒரு வருஷம் நான்கு மாதம் தாவீது அங்கே இருக்கிறான். தெற்கே அமலேக்கியர், கெசூரியர் போன்றவர்களைக் கொள்ளையடித்துவிட்டு, யூதாவின் தென்புறத்தைத்தான் அடித்தேன் என்று ஆகீசிடம் கணக்குக் காட்டுகிறான். போய்ச் சொல்ல ஒருவனும் மிஞ்சக்கூடாது என்று ஆண் பெண் யாரையும் உயிரோடு விடவில்லை. ஆகீஸ் அப்படியே நம்புகிறான்; தன் சொந்த ஜனத்துக்கே நாற்றமாகிவிட்டான், இனி என்றைக்கும் எனக்கு ஊழியக்காரன் என்று மகிழ்கிறான். தன் மெய்க்காவலனாகவே வைத்துக்கொள்ளப் பார்க்கிறான். மற்றப் பெலிஸ்தப் பிரபுக்கள்தான் போர்க்களத்துக்கு இவனைக் கூட்டிப்போகக்கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றார்கள். பழைய எஜமானிடம் சேர்ந்துகொள்ள நம்முடைய தலைகளைவிட வேறென்ன வெகுமதி வேண்டும் என்று கேட்டார்கள். அவர்களும் அதே "பதினாயிரம்" பாட்டைத்தான் சாட்சிக்கு இழுத்தார்கள். இந்தக் கதையில் சந்தேகப்பட்டவர்கள் புத்திசாலிகள், நம்பியவன் ஏமாளி. வேதாகமம் சந்தேகத்தைப் பாவப் பட்டியலில் போட்டு மூடிவிடவில்லை என்பதற்கு இது ஒன்றே போதும்.

தாவீது ராஜாவான பிறகு அதே பொறி அவன் காலுக்கு வந்தது. சவுலின் படைத்தலைவனாயிருந்த அப்னேரைப் பற்றித் தாவீதின் படைத்தலைவன் யோவாப் வந்து, "உம்மை மோசம்போக்க வந்தான்" என்று கூச்சலிட்டது பாதி சொந்தப் பகை, அப்னேர் அவன் தம்பியைக் கொன்றவன். தாவீது அந்தப் பேச்சை ஏற்றுக்கொள்ளவில்லை, ஆனால் யோவாப் அப்னேரைக் கொன்றதைத் தடுக்கவும் முடியவில்லை. அடுத்த சம்பவத்தில் அவனே விழுந்தான்.

மகன் அப்சலோம் கலகம் செய்து, தாவீது எருசலேமைவிட்டு ஓடிக்கொண்டிருக்கிறான். மலை தாண்டியதும் சீபா எதிரே வருகிறான். யோனத்தானின் மகன் மேவிபோசேத்தின் நிலங்களைக் கவனிக்கும் வேலைக்காரன் அவன். மேவிபோசேத் இரண்டு காலும் முடமானவன். யோனத்தானுக்காகத் தாவீது அவனைத் தன் பந்தியிலேயே சாப்பிட வைத்திருந்தான். சீபா இரண்டு கழுதைகளில் 200 அப்பம், 100 திராட்சை வற்றல் குலை, ஒரு துருத்தி திராட்சரசம் என்று ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறான். எஜமான் எங்கே என்று ராஜா கேட்கிறான். எருசலேமிலேயே இருந்துவிட்டான், தகப்பன் வீட்டு ராஜ்யம் இன்றைக்குத் தன் கைக்குத் திரும்பும் என்கிறான் என்று பதில் வருகிறது. கொஞ்சம் யோசித்தால் இது நிற்காத கதை. கலகம் செய்பவன் அப்சலோம். அவன் ஜெயித்தால் முடமான சவுல் பேரனுக்கா சிங்காசனத்தைக் கொடுப்பான்? ஆனால் பெற்ற மகனே துரத்துகிற நாளில் எந்தத் துரோகமும் நம்பத்தக்கதாகத்தான் தெரியும். "மேவிபோசேத்துக்கு உள்ளதெல்லாம் உன்னுடையது" என்று தாவீது அந்த இடத்திலேயே எழுதிக்கொடுத்துவிட்டான்.

கலகம் அடங்கி ராஜா திரும்பி வரும்போது மேவிபோசேத் எதிர்கொண்டு வருகிறான். ராஜா போன நாள் முதல் கால்களைச் சுத்தம் பண்ணவில்லை, தாடியைச் சீர்படுத்தவில்லை, துணி வெளுக்கவில்லை. வேலைக்காரன் என்னை மோசம்போக்கினான், கழுதைக்குச் சேணம் போடச் சொன்னேன், நான் முடவன், அவன் போய் என்மேல் கோள் சொல்லிவிட்டான் என்கிறான். அழுக்கும் தாடியும் கண் முன்னே நிற்கும் சாட்சி. தாவீது பொறுமையிழந்து, பேச்சை நிறுத்து, நீயும் சீபாவும் நிலத்தைப் பங்கிட்டுக்கொள்ளுங்கள் என்று முடிக்கிறான். உண்மை யார் பக்கம் என்று தீர்ப்பே இல்லை. கோள் சொன்னவனுக்குப் பாதிச் சொத்து. ராஜா சமாதானமாக வந்ததே போதும், எல்லாவற்றையும் அவனே எடுத்துக்கொள்ளட்டும் என்கிறான் மேவிபோசேத். பிற்கால யூத ரபீக்கள் இந்த இடத்தை லேசில் விடவில்லை. நிலத்தைப் பங்கிடுங்கள் என்று தாவீது சொன்ன நேரத்தில், ரெகொபெயாமும் யெரொபெயாமும் உன் ராஜ்யத்தைப் பங்கிடுவார்கள் என்று வானத்திலிருந்து ஒரு குரல் கேட்டதாகத் தல்மூத் என்ற தங்கள் நூலில் எழுதிவைத்தார்கள்.

சாலொமோன் விஷயத்தில் நீங்கள் கேட்டதற்கு நேரான பதில்: அண்ணன் அதோனியா உண்மையிலேயே போட்டியாளன். தகப்பன் படுக்கையில் இருக்கும்போதே விருந்து வைத்துப் பட்டம் கட்டிக்கொள்ளப் பார்த்தவன். பின்னால் அவன், தாவீதின் முதுமையில் பணிவிடை செய்த அபிஷாகைத் தனக்கு மனைவியாகக் கேட்டது ஒரு காதல் விவகாரமாக அன்றைக்கு யாருக்கும் தோன்றியிராது. முந்தின ராஜாவின் பெண்ணை எடுப்பது பட்டத்துக்கு உரிமை கோருவது. அப்சலோம் உப்பரிகையில் எல்லார் பார்க்கச் செய்தது அதைத்தான். ஆனால் அந்த வேண்டுகோளைக் கொண்டுவந்தவள் யார்? பத்சேபாள். சாலொமோன் எழுந்து வணங்கி, வலதுபக்கம் ஆசனம் போட்டு, கேளும் அம்மா, மறுக்கமாட்டேன் என்கிறான். அவள் சொல்லி முடித்ததும், அவனுக்கு ராஜ்யத்தையும் சேர்த்துக் கேளும் என்று வெடிக்கிறான். அன்றைக்கே ராஜாவின் ஆளான பெனாயாவின் கையால் அதோனியா செத்தான். அதோனியா அதை உண்மையிலேயே ஆசையாய்க் கேட்டானா, தன் மகனுக்கு இருந்த கடைசித் தலைவலியைத் தீர்க்கும் என்று தெரிந்தே பத்சேபாள் எடுத்துவந்தாளா, கதை ஒன்றும் சொல்வதில்லை. என்னைக் கேட்டால், அவளுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. அதே வேகத்தில் ஆசாரியன் அபியத்தாரும் ஆனதோத்துக்குத் துரத்தப்பட்டான். நோபில் சவுலின் சந்தேகத்திலிருந்து தப்பி ஓடிவந்த அதே அபியத்தார்.

விசாரித்துப் பார்த்த ராஜாக்களும் உண்டு, கொஞ்சம்தான். சமாரியா முற்றுகையில் ஜனங்கள் பட்டினியில் செத்துக்கொண்டிருந்த ஒரு ராத்திரி, சீரியர் பாளையம் காலியாய்க் கிடக்கிறது என்று நான்கு குஷ்டரோகிகள் வந்து சொல்கிறார்கள். இது வலை, நாம் வெளியே வந்ததும் பிடிக்கப் பார்க்கிறார்கள் என்கிறான் ராஜா. நல்ல சந்தேகம். ஒரு ஊழியக்காரன், மிஞ்சியிருக்கிற குதிரைகளில் சிலவற்றை அனுப்பிப் பார்ப்போமே என்கிறான். ஆட்கள் யோர்தான் மட்டும் போனார்கள். வழியெல்லாம் சீரியர் அவசரத்தில் எறிந்துவிட்டுப் போன துணியும் தட்டுமுட்டும் கிடந்தன. ஊர் பிழைத்தது. எஸ்தர் கதையில் பிக்தான், தேரேசு என்ற வாசல் காவலர்கள் ராஜாவைக் கொல்லப் பார்ப்பதாக மொர்தெகாய் சொல்லியனுப்பியபோதும், காரியம் விசாரிக்கப்பட்டு மெய்யென்று தெரிந்த பிறகே தண்டனை. அதே ராஜா, யூதரை அழிக்கக் கேட்ட ஆமானின் பேச்சை ஒரு கேள்விகூடக் கேட்காமல் நம்பி, மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தான்.

ஏரோதைப் பற்றி மத்தேயு சொல்வது கொஞ்சம். அவனைப் புரிந்துகொள்ள யோசேபஸ் என்ற யூத வரலாற்றாசிரியரின் குறிப்புகள் வேண்டும். ஏரோது ஏதோமிய வழியில் வந்தவன். கி.மு. 40-இல் ரோம செனட் அவனை "யூதருக்கு ராஜா" ஆக்கியது. எருசலேமைப் பிடிக்க இன்னும் மூன்று வருஷம் ஆயிற்று. பழைய ராஜவம்சத்துப் பெண் மரியம்னேயை மணந்தான். அவள் தம்பியை எரிகோவின் குளத்தில் மூழ்கடிக்கச் செய்தான். தங்கை சலோமே ஓதிய ஓதலில் மரியம்னேயையும் கொன்றான். அவள் பெற்ற இரண்டு மகன்களைப் பற்றி மூத்தாள் மகன் அந்திப்பாத்தர் கோள்மேல் கோள் சொல்லிவந்தான். கடைசியில் இருவரையும் கழுத்தை நெரித்துக் கொல்ல ஏரோது உத்தரவிட்டான். பிறகு அந்திப்பாத்தரின் சூழ்ச்சியே வெளிவந்து, கி.மு. 4-இல் தான் சாவதற்கு ஐந்து நாள் முன்பு அவனையும் கொல்லச் செய்தான். இப்படிப்பட்டவன் ஆளும் எருசலேமுக்கு வந்து, கிழக்கத்தி சாஸ்திரிகள், யூதருக்கு ராஜாவாகப் பிறந்தவர் எங்கே என்று வெள்ளந்தியாகக் கேட்கிறார்கள். ஏரோது கலங்கினான், அவனோடு எருசலேம் நகரமும் கலங்கிற்று என்கிறார் மத்தேயு. நகரம் ஏன் கலங்க வேண்டும்? ராஜா கலங்கினால் யார் வீட்டில் ஒப்பாரி விழும் என்பது ஊருக்கு அனுபவத்தில் தெரியும். பெத்லெகேம் குழந்தைகளின் கொலையை யோசேபஸ் குறிப்பிடவில்லை. மத்தேயு மட்டுமே சொல்கிறார். அது நடந்ததா என்பதில் அறிஞர்கள் ஒருமனப்படவில்லை. ஆனால் ஏரோதின் குணத்துக்கு ஒவ்வாத செயல் என்று யாரும் வாதிடமாட்டார்கள்.

இயேசுவை விசாரித்த ரோம அதிபதி பிலாத்துவைச் சந்தேகக்காரன் என்று யாரும் சொல்வதில்லை. அவன் மேலே இருந்தவனின் சந்தேகத்துக்குப் பயந்தவன். இவனை விடுவித்தால் நீர் இராயனுக்குச் சிநேகிதன் அல்ல என்று ஜனங்கள் கூவியதும் அவன் தடுமாறுவதை யோவான் காட்டுகிறார். ரோமப் பேரரசன் திபேரியு ராயனின் காலம் அது. ராஜத்துரோக வழக்குகளுக்குப் பேர்போன ஆட்சி. அந்த ஒரு வாக்கியம் ரோமுக்குப் போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது பிலாத்துக்குத் தெரியும். இங்கே கோள் சொல்லக்கூட வேண்டியிருக்கவில்லை, சொல்லுவோம் என்று மிரட்டியதே போதுமாயிருந்தது.

நீங்கள் நேராகப் படித்துப் பார்க்க விரும்பினால் ஆதியாகமத்திலிருந்து தொடங்காதீர்கள், வழியிலேயே நின்றுவிடுவீர்கள். 1 சாமுவேல் 16 முதல் 2 சாமுவேல் 3 வரை ஒரே மூச்சில் படியுங்கள், ஒரு சாயங்காலத்தில் முடியும். பிறகு 2 சாமுவேல் 15 முதல் 19 வரை, அதோடு 1 இராஜாக்களின் முதல் இரண்டு அதிகாரம். ஒவ்வொரு சாவுக்கும் பக்கத்தில், அதற்கு முன் ராஜாவிடம் பேசியது யார் என்று பென்சிலால் குறித்துக்கொண்டே போங்கள். பத்சேபாளைப் பற்றி நான் சொன்னது சரியா என்று நீங்களே முடிவுசெய்யலாம்.